மதுரையில கிளிப்லெஸ் பெடல் வாங்கப் போறீங்களா? என் 8,600 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

8,600 ரூபாய். தொகையை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அந்தக் கடைக்காரருக்கு இது "சின்ன மேட்டர்ணே". இப்பதான் அங்கேர்ந்து வந்து உக்காந்திருக்கேன். கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. கடை பேரு போடப் போறதில்ல. டவுனுக்குள்ள ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வச்சு, கியர் சைக்கிளா அடுக்கி வச்சிருக்கிற கடைகள்ல ஒண்ணு.

திருநகர்லேர்ந்து காளவாசல் பக்கம் வேலைக்கு சைக்கிள்லதான் போறேன். மழை பெஞ்சா பிளாஸ்டிக் பெடல்ல கால் நிக்கவே மாட்டேங்குது. அதனால கிளிப்லெஸ், அதாவது ஷூவோட அடியைப் பெடல்லயே பூட்டிக்கிற வகை, போடலாம்னு நெனச்சேன். என்ன வேணும்ங்கிறதுல எனக்குக் குழப்பமே இல்ல. பெடலோட ஒரு பக்கம் தட்டையா இருக்கணும், மறுபக்கம் எஸ்பிடி, ஷிமானோ கம்பெனியோட பூட்டு. பைக்காரா, பழங்காநத்தம் நெரிசல்ல தட்டைப் பக்கம் மிதிச்சுக்கலாம், ரோடு காலியா இருந்தா ஷூவைப் பூட்டிக்கலாம். ஷூவுக்கு ரெண்டு போல்ட் கிளீட் (ஷூ அடியில திருகி, பெடல்ல பூட்டிக்கிற சின்னத் துண்டு). அது அடிப்பாகத்துப் பள்ளத்துக்குள்ள உக்காந்துக்கும், ஆபீஸ் மொசைக் தரையில சாதாரணமா நடக்கலாம். கிளீட்டும் எஸ்ஹெச்56தான் வேணும்னேன். வழக்கமா வர்ற எஸ்ஹெச்51, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினாத்தான் விடும். 56 வேகமா மேல இழுத்தாலும் விட்டுரும். ஷேர் ஆட்டோ எந்த நிமிஷம் எங்க நிக்கும்னு தெரியாத ஊர்ல அதுதானே நமக்கு வேணும்? இதை எல்லாம் வாட்ஸ்அப்ல எழுதி, படமும் அனுப்பினேன். "ஓகேண்ணே"ன்னு பதில் வந்துச்சு, கூட ஒரு கட்டைவிரல்.

நேர்ல போனப்ப கடையில இருந்த தம்பி நடந்துக்கிட்ட விதம் இருக்கே! உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தார். ஞாயித்துக்கிழமை அழகர்கோவில் ரோட்டுல குரூப்பா ஓட்டுற போட்டோவைக் காட்டினார். "நானே கிளிப்லெஸ்தாண்ணே, எங்க அண்ணனுக்கு எடுக்கிற மாதிரி எடுத்துத் தரேன்"னார். என் ஷூ சைஸைக்கூட காகிதத்துல பாதத்தை வரைஞ்சு பாத்தார். இவ்வளவு பொறுப்பா ஒரு ஆளான்னு வீட்டுல வந்து சொன்னேன். "ஸ்டாக் இல்ல, வரவழைக்கணும், ஃபுல் அமவுண்ட் போட்டாத்தான் டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்புவான்"னார். பெடல் 4,900, ஷூ 3,700. அங்கேயே நின்னு ஜிபே பண்ணினேன், 8,600. பில் கேட்டதுக்கு "பொருள் வந்ததும் சேத்துப் போட்டுடலாம்ணே"ன்னு ஒரு எஸ்டிமேட் சீட்டு கொடுத்தார்.

அப்புறம் பொருள் வரலை. சித்திரைத் திருவிழாவாம், டவுனுக்குள்ள லோடு வண்டி விடலையாம், முடியட்டும்ணேன்னார். சரின்னு இருந்தேன். அழகர் ஆத்துல இறங்கி, மலைக்கும் திரும்பிட்டார். என் பெடல் வரலை.

ஒருவழியா வந்துச்சுன்னு கூப்பிட்டாங்க. காலையில சைக்கிளை விட்டுட்டுப் போனேன், சாயங்காலம் கடை சாத்துற நேரத்துக்குத்தான் கைல கொடுத்தாங்க. ஷூ தனி டப்பாவுல. "கிளீட்டை மட்டும் வீட்டுல மாட்டிக்கங்கண்ணே, நாலு நிமிஷ வேலை." பெடல் பாக்கவே வேற மாதிரி இருக்கேன்னேன். "இது புது மாடல். மொதல்ல டைட்டா இருக்கும், பழகப் பழக சரியாகிடும்."

என்ன பழகறது? அது ரோடு ரேஸ் பெடல். மூணு போல்ட் கிளீட் போடறது. இந்த வகையை லுக் கம்பெனி 1984ல கொண்டு வந்துச்சு, அடுத்த வருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மிதிச்சு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார். நல்ல பெடல்தான், ரேஸ்காரங்களுக்கு. தட்டைப் பக்கம்னு ஒண்ணே கிடையாது, செருப்புக் காலோட மிதிச்சா வழுக்குது. கிளீட் முக்கோணமா, பிளாஸ்டிக்ல, மூணு ஓட்டையோட இருக்கு. கூடக் கொடுத்த ஷூவுல இருக்கிறது ரெண்டு போல்ட்டுக்கான ஓட்டை. அதாவது அவங்க வித்த ஷூ அவங்க வித்த பெடலுக்கே சேராது! இதுக்கு 8,600 ரூபாய்.

இதோட முடியலை. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில மூலக்கரை தாண்டறப்ப இடது பெடல் ஆட ஆரம்பிச்சுது. தள்ளிக்கிட்டே வந்து, மறுநாள் எங்க ஏரியாவுல பஞ்சர் ஒட்டற ஐயாகிட்ட காட்டினேன். பாத்ததுமே "யாரு தம்பி மாட்டுனது? மரை கோணலா ஏறியிருக்கு"ன்னார். இடது பெடலுக்கு மரை தலைகீழ், இடப்பக்கமா திருகினாத்தான் இறுகும். கையால நாலு சுத்து லேசா ஏறுதான்னு பாத்துட்டுத்தான் ஸ்பானரே வைக்கணும். கடைப் பையன் கோணலா வச்சு, ஸ்பானர்ல ஏறி அழுத்தியிருக்கான். பெடல் அச்சு இரும்பு, அது ஏறுற கிராங்க் (பெடலைத் தாங்குற கை) அலுமினியம். எது தேயும்? இப்ப கிராங்கும் போச்சு. என் பழைய பெடலைக் கேட்டா, தூக்கிப் போட்டாச்சாம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் ரத்தத்தைக் கொதிக்க வைக்குது. போன் பண்ணினா "ஓனர் வெளிய போயிருக்கார்". வாட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல. நேர்ல போனா "அடாப்டர் ஒண்ணு போட்டா சேந்துரும்ணே". மூணு ஓட்டை ஷூவுல ரெண்டு போல்ட் கிளீட் மாட்டத்தான் அடாப்டர் உண்டு, இவர் சொல்றது அதுக்கு நேர் எதிர். அதைச் சொன்னதும் பேச்சு மாறிடுச்சு: "டப்பா பிரிச்சாச்சு, கம்பெனி எடுக்க மாட்டான்." நான் எங்க பிரிச்சேன்? மாட்டுனதே நீங்கதானேன்னேன். "கிராங்க் ஏற்கனவே லூசா இருந்திருக்கும்ணே." டீ வாங்கிக் கொடுத்த அதே தம்பி, இன்னிக்கு நிமிர்ந்துகூடப் பாக்கலை, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசறார். கடைசியா "8,600க்கு கடையில வேற ஏதாவது எடுத்துக்கங்க"ன்னார். ஹெல்மெட்டும் பாட்டிலும் வச்சுக்கிட்டு நான் என்ன கடையா போடப் போறேன்?

வாங்கப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. பெடலோட கிளீட் ரெண்டு போல்ட்டா மூணு போல்ட்டா, ஷூவுல எத்தனை ஓட்டைன்னு கடையிலயே ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க. டெய்லி ஆபீஸ் போறவங்களுக்கு ரெண்டு போல்ட்தான். கிளீட்டைப் பிடிக்கிற பெடல் ஸ்பிரிங்கை 3 எம்எம் ஆலன் கீயால நல்லா லூசாக்கிட்டு ஆரம்பிங்க. மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க. பில் இல்லாம பணம் போடாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் தராம இருக்கறதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லுல கெடு எதுவும் போடலேன்னா 30 நாளுக்குள்ள திரும்ப எடுக்க மறுக்கறதும் அப்படித்தான். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு. அதுல நடக்கலேன்னா நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணமே கிடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த "ஓகேண்ணே", எல்லாம் பத்திரமா இருக்கு.

170 எம்எம் இடது கிராங்க், ஸ்கொயர் டேப்பர் (சதுர அச்சுல மாட்டற வகை), பழசா இருந்தாலும் மரை நல்லா இருந்தாப் போதும், மதுரைப் பக்கம் யார்கிட்டயாவது கிடந்தா சொல்லுங்க. காசு கொடுத்து வாங்கிக்கறேன். திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்.