பஞ்சுத் தூசி வீட்டில் மூன்று வேக்குவம் கிளீனர்கள்

எங்கள் வீடு திருப்பூரில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில் இருக்கிறது. கீழே தையல் யூனிட், மேலே நாங்கள். ஞாயிற்றுக்கிழமை துடைத்த ஃபேன் இறக்கையில் வியாழக்கிழமைக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு கட்டிவிடும். ஜன்னல் கொசுவலையை விரலால் வழித்தால் திரி திரியாக வரும். சீமாறு போட்டுக் கூட்டினால் பாதி பறந்துபோய் அலமாரி மேல் உட்காரும். பையனுக்கு 6 வயதில் வீசிங் வந்தபோது, "வீட்டை எப்படிக் கூட்டுறீங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

இப்போது அவனுக்கு 13 வயது. இந்த 7 வருடத்தில் மூன்று வகை வாங்கியிருக்கிறோம். தரையில் உருளும் டிரம் மாடல், வயர் இல்லாத குச்சி மாடல், தானாக ஓடும் ரோபோ. மூன்றும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. மூன்றையும் கழற்றிக் கழுவுவது நான்தான். அதனால் கடையில் சொல்லாத சில விஷயங்கள் எனக்குத் தெரியும்.

முதலில் வாங்கியது டிரம். 1400 வாட், 15 லிட்டர், ஈரம் உலர் இரண்டையும் இழுக்கும். அழகு என்று சொல்ல முடியாது. தண்ணீர் டிரம்முக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும், கட்டிலுக்கு அடியில் போகாது, வைக்க ஒரு மூலை வேண்டும். சத்தம் மிக்ஸிக்குக் குறைவில்லை. ஆனால் இழுவையில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வராது. கட்டில் கால் ஓரத்தில், பீரோ பின்னால், ஜன்னல் சட்டப் பள்ளத்தில் வருடக்கணக்காக இறுகிய பஞ்சை ஒல்லியான முனையை மாட்டி ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ஒரு தடவை வாஷிங் மெஷின் குழாய் கழன்று பின்கட்டு முழுக்கத் தண்ணீர். உள்ளே இருக்கும் துணி ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்தேன். டிரம் நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை மேலேறிக் காற்று வழியை அடைத்துவிடும். மோட்டார் சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறும். அப்போது உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 1400 வாட் என்றால் நம் 230 வோல்ட்டுக்கு 6 ஆம்பியரைத் தாண்டுகிறது. முதல் மாதம் டிவிக்குப் போட்டிருந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினேன். பிளக் முள் கறுத்து, பிளாஸ்டிக் வாசனை வந்தது. அதன்பிறகு கிரைண்டர் போடும் 15 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போடுகிறேன்.

கடையில் எல்லோரும் வாட்டைத்தான் கேட்கிறார்கள். வாட் என்பது மெஷின் தின்னும் கரண்ட், இழுக்கும் பலம் இல்லை. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து வீட்டு வேக்குவம் கிளீனர் 900 வாட்டைத் தாண்டக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. அங்கே அதற்குள்தான் நல்ல மெஷின்கள் செய்கிறார்கள். பெட்டியில் பாஸ்கல் கணக்கைப் பாருங்கள் (இழுக்கும் அழுத்தத்தின் அலகு அது), அதையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் டிரம் பெட்டியில் 20 கிலோபாஸ்கல் என்று இருக்கிறது. ரோபோ பெட்டியில் பெரிய எழுத்தில் 4000 பாஸ்கல். எண்ணைப் பார்த்தால் 4000தான் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் அது வெறும் 4 கிலோபாஸ்கல், டிரம்மில் ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்து குச்சி மாடல். இரண்டரைக் கிலோ, சுவரில் மாட்டிவிடலாம், எடுத்து ஒரு பட்டனை அழுத்தினால் வேலை. தினமும் கையில் எடுக்கத் தோன்றுகிற மெஷின் இது ஒன்றுதான். டிரம்மை இழுத்து வந்து, குழாய் மாட்டி, வயர் பிரித்து முடிப்பதற்குள் இதில் இரண்டு அறை முடிந்துவிடும். வடிவத்துக்கு முழு மார்க் கொடுப்பேன். முனையில் இருக்கும் விளக்கு சாய்வாக அடிக்கும்போது, சுத்தமாக இருப்பதாக நான் நினைத்திருந்த மொசைக் தரையில் தூசி ரோமம் ரோமமாக எழுந்து நின்றது. அன்று எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது, பையன் அந்தத் தரையில்தான் படுத்துப் படிப்பான்.

குறைகளும் இதில்தான் அதிகம். தூசிப் பெட்டி அரை லிட்டர்தான். பஞ்சு எடையில்லாத சரக்கு, ஒரு அறைக்கே பெட்டி முட்டிவிடும். 40 நிமிடம் ஓடும் என்றது குறைந்த வேகத்தில். முழு வேகத்தில் 8 நிமிடம். இரண்டு வருடத்தில் அதுவும் 4 நிமிடமாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி 5,500 ரூபாய் என்றார்கள், அதற்கும் ஸ்டாக் இல்லை என்று மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். லித்தியம் பேட்டரி எல்லாம் தேயத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விற்கும்போதே அதன் விலையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் முடி. வீட்டில் அத்தை, நான், மகள் என்று மூன்று பேருக்கு நீள முடி. உருளை பிரஷ்ஷில் முடியும் தையல் நூலும் சேர்ந்து சுற்றிக் கயிறு மாதிரி இறுகிவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை உருளையைக் கழற்றி, நூல் வெட்டும் சின்னக் கத்தரியை அடியில் விட்டு, நீளவாக்கில் கீறி உரிப்பேன். நடுவில் சுற்றியது சுலபமாக வந்துவிடும். இரண்டு முனையிலும் மூடிக்குள் நுழைந்த முடிதான் ஆபத்து. அதை விட்டால் பேரிங் இறுகிச் சூடாகும். எங்களுடையதில் ஒரு பக்கப் பிளாஸ்டிக் உருகியே போனது, நான் அந்த மூடியைத் திறக்காமல் விட்டதால்.

ஃபில்டர் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பஞ்சு ஃபில்டரை அடைப்பதில்லை, மேலோடு நிற்கும், தட்டினால் விழுந்துவிடும். அடைப்பது நம் வீட்டு மாவுகள்தான். கோல மாவு, விபூதி, மைதா. பூஜை அறையில் ஒருநாள் விபூதிக் கிண்ணம் கொட்டிவிட்டது. குச்சியால் இழுத்தேன். ஒரு நிமிடத்தில் மெஷின் விட்டு விட்டு ஓடி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஃபில்டரின் மடிப்பு ஒவ்வொன்றிலும் விபூதி சுவர் பூசிய மாதிரி அப்பியிருந்தது. இப்போது அந்த மாதிரி கொட்டினால் ஈரத்துணிதான். ஃபில்டரைக் கழுவினால் 24 மணி நேரம் காய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஆகும். காயாமல் மாட்டினால் வீடு முழுக்க ஊறின துணி நாற்றம் அடிக்கும், ஈரம் மோட்டாருக்கும் ஆகாது. உபரியாக ஒரு ஃபில்டர் வாங்கி வைத்துவிடுங்கள். ஒன்று காயும், ஒன்று ஓடும்.

டிரம்முக்கு வந்த துணி ஃபில்டர் நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மெஷின் ஓட ஓட ஒரு மண் வாசனை வந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். பையனுக்காகத்தான் வாங்கினோம், அதுவே அவன் மூக்குக்குத் தூசி ஊதினால் என்ன பயன்? அதே மெஷினுக்கான ஹெப்பா ஃபில்டர் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. அமெரிக்க அளவுகோல்படி ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆனால் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தால் காற்று அந்த வழியாகவே போய்விடும். அந்த வளையத்தையும் தொட்டுப் பாருங்கள்.

ரோபோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டிலுக்கு அடியில் தினமும் போய்வருவது பெரிய உதவி, அந்த இடம் மட்டும் இப்போது எப்போதும் சுத்தம். ஆனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி உண்டு. 2 சென்டிமீட்டர் வரை ஏறும் என்றார்கள், எங்கள் நிலைப்படி 4 சென்டிமீட்டர். அறை அறையாகத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. நிலைப்படி இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

மெத்தைக்கு எந்த மெஷினும் முழுத் தீர்வு இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி துணி இழைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும். வேக்குவம் மேலாக இருக்கும் எச்சத்தைத்தான் எடுக்கும். விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால்தான் பூச்சி சாகும். அத்தை மாசம் ஒருமுறை இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டுக் குச்சியால் அடிப்பார். "மெஷின் வந்துருச்சுன்னு வெயில விட்றாத அம்மிணி" என்பார். நான் விடவில்லை. அடித்து முடித்ததும் அங்கேயே டிரம்மைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் இழுத்துவிடுவேன். பையன் அந்த அரை மணி நேரம் கீழே இருப்பான். இரண்டு வருடமாக நெபுலைசர் எடுக்க வேண்டி வரவில்லை. மருந்தும் ஒழுங்காகக் கொடுக்கிறோம், பெருமை முழுக்க மெஷினுக்கு இல்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹெப்பா போட்ட டிரம் வாங்குங்கள். 8,000 ரூபாய்க்குள் முடியும், பேட்டரி செலவு கிடையாது, அரை மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் கரண்ட் கூட ஆகாது. குச்சி இரண்டாவதாக, அதுவும் பேட்டரியை நாமே கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து. போன மாதம் கரூரில் இருக்கும் என் நங்கை (அண்ணி) வாங்கப் போனபோது, ஃபில்டர், பேட்டரி, உருளை மூன்றின் விலையையும் பில் போடும் முன் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். முதல் கடையில் தெரியாது என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் உள்ளே போய் ஃபில்டரையே எடுத்து வந்து மேஜையில் வைத்தார். அங்கேதான் வாங்கினார்.