‘300 ரவைதான் சுட்டது’ எண்டு சொல்லி 2,712 டொலருக்குத் தேஞ்ச துவக்கைத் தலையிலை கட்டின கடை

“உனக்குச் சுடத் தெரியாட்டி அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை.” சனிக்கிழமை பின்னேரம், கடை நிறையச் சனம் நிக்கேக்கை, துவக்குக் கடைக்காரன் என்னைப் பாத்துச் சொன்ன வசனம் இது. என்ர 2,712 டொலர் அவன்ர கல்லாவுக்குள்ளை. அவன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்.

இது ஒன்ராறியோவிலை, ரொறன்ரோவிலையிருந்து வடக்காலை ரெண்டு மணித்தியாலம் ஓடிப்போற ஒரு சின்னப் பட்டணத்துத் துவக்குக் கடை. புதுசும் விப்பினம், ஆக்கள் கொண்டுவந்து ‘வித்துத் தாங்கோ’ எண்டு விட்டுட்டுப் போற பழசும் விப்பினம். பேர் போடமாட்டன், ஏனெண்டு கடைசியிலை சொல்றன். வேட்டைக்கும், இலக்கு வைச்சுச் சுடுற றேஞ்சுக்கும் போற எங்கட பெடியள் இப்ப கனபேர். பழைய ரைபிள் வாங்கேக்கை என்னென்ன பாக்கவேணும் எண்டதையும் கடைசியிலை வடிவா எழுதுறன்.

நான் விளையாட்டுக்கு வாங்கின ஆளில்லை. பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, சோதினை பாஸ் பண்ணி, முதல்தரம் விண்ணப்பிக்கிற ஆக்களுக்கு எண்டு இருக்கிற 28 நாள் காத்திருப்பும் காத்திருந்து, துவக்கு வைச்சிருக்க வேண்டிய பி.ஏ.எல். லைசென்ஸ் எடுத்தவன். வேட்டைப் பயிற்சி வேறை. வீட்டிலை அம்மாதான், “துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த சனம் நாங்கள், நீ காசு குடுத்து வாங்கப்போறியோ” எண்டு ரெண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மான் இறைச்சி வரட்டும் எண்டு சொல்லிச் சமாளிச்சு வைச்சிருந்தன்.

6.5 கிறீட்மோர் எண்ட ரவை சுடுற ரைபிள் எடுக்கிறதெண்டு முதலே முடிவு. 2007ஆம் ஆண்டு ஹோர்னடி எண்ட ரவைக் கொம்பனி கொண்டுவந்தது. தூர இலக்குச் சூட்டுக்கெண்டே யோசிச்சுச் செய்தது, உதைப்புக் குறைவு, நீட்டுக் குண்டெண்டபடியால் காத்து லேசிலை தள்ளாது. இன்னொரு காரணமும் இருக்கு. தென் ஒன்ராறியோவிலை கன இடங்களிலை .275 எண்ட குழல் அளவை விடப் பெரிய ரைபிளோடை வேட்டைக்குப் போகேலாது. இதின்ர குண்டின்ர விட்டம் .264 அங்குலம். அப்ப ஒரே துவக்கை வேட்டைக்கும் கொண்டுபோகலாம், ஆயிரம் யார் றேஞ்சிலையும் வைச்சுச் சுடலாம். கணக்குச் சரிதான். கடைதான் பிழை.

இப்ப அந்த நாளுக்கு வாறன். கடைக்குள்ளை போனவுடனை ஒரு புது ரைபிளைக் காட்டினான், ஸ்கோப்போடை நாலாயிரத்துக்குக் கிட்ட. நான் கையிலை எடுத்துப் பாக்கேக்கையே அவன் திருப்பி வாங்கி வைச்சிட்டான். “இது உனக்கு வேண்டாம். பேருக்குத்தான் காசு. நீ முதல் முதல் வாங்கிறாய், உன்னட்டைக் கூட எடுக்க எனக்கு விருப்பமில்லை” எண்டான். விலை கூடினதைத் தானே வேண்டாம் எண்டு சொல்ற கடைக்காரனை நீங்கள் நம்புவியளோ இல்லையோ? அந்த ஒரு வசனத்திலை நான் விழுந்தன். பிறகுதான் பின்பக்கம் போய் இதைக் கொண்டுவந்தான். பின்லாந்து டிக்கா கொம்பனியின்ர டி3எக்ஸ் ரைபிள், தோளிலை வைக்கிற கட்டை கறுப்பு, மேலை நல்ல ஸ்கோப், கன்னம் வைக்க ஒரு பஞ்சுப் பட்டி. விசைக் காப்பிலை ஒரு சிட்டை கட்டியிருந்தது. பேனையாலை எழுத்து: ‘சுமார் 300 ரவை. அரை அங்குலம்.’ சுட்டது 300 ரவைதான், வெடியள் அரை அங்குலத்துக்குள்ளை விழும் எண்டு அர்த்தம்.

ரவையைத் தள்ளிப் பூட்டுற போல்ட்டை உருவி எடுத்து, பின்பக்கத்தாலை ரோச் அடிச்சு, “பார், கண்ணாடி மாதிரி” எண்டான். பாத்தன். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. “வைச்சிருந்தவன் டொக்டர். நேரமில்லை, பெட்டிக்குள்ளையே கிடந்தது” எண்டும் சொன்னான். எத்தினை ரவை சுட்டது எண்டு நான் திருப்பியும் கேட்டன். “முந்நூறு. கூடினால் முந்நூற்றைம்பது. நானே கேட்டு எழுதினது” எண்டு சிட்டையைத் தட்டிக் காட்டினான். 2,400 டொலர், 13 வீத வரியோடை 2,712. கிரெடிட் காட்டை நீட்ட, “அதெண்டால் மூண்டு வீதம் கூட, டெபிட்டிலை குடு, உனக்கு லாபம்” எண்டான். அந்த ‘லாபம்’ ஏனெண்டு இப்ப விளங்குது. கிரெடிட் காட் எண்டால் வங்கியிலை முறைப்பாடு போட்டுக் காசைத் திருப்பிக் கேக்கலாம். டெபிட்டிலை போன காசு போனதுதான்.

அடுத்த கிழமை றேஞ்சுக்குக் கொண்டுபோனன். டிக்கா எண்டது புதுசா வரேக்கை 100 யாரிலை மூண்டு வெடியும் ஒரு அங்குலத்துக்குள்ளை விழும் எண்டு கொம்பனியே உத்தரவாதம் குடுக்கிற துவக்கு. எனக்கு நாலு அங்குலம் விரிஞ்சுது. ஒண்டு மேலை, ஒண்டு இடப்பக்கம் அந்தலையிலை, ஒண்டு கீழை. என்ர கையெண்டுதான் முதல் நினைச்சன். பக்கத்து மேசையிலை ஒரு வயசுபோன மனுசன், வருசக்கணக்காப் போட்டிகளுக்குப் போறவர், தன்ர துவக்கைத் தந்து நான் சுட்ட அதே 140 கிறெயின் (குண்டின்ர நிறை) ரவையாலை என்னையே சுடச் சொன்னார். அதுவும் 6.5 கிறீட்மோர்தான். ஒரு அங்குலத்துக்குள்ளை விழுந்தது. பிறகு அவர் என்ர துவக்காலை சுட்டார். அவருக்கும் விரிஞ்சுது. ஸ்கோப் வளையங்களையும் கட்டையிலை இருக்கிற ஆணியளையும் அளவாய் இறுக்கி, அவர்ர ஸ்கோப்பையே கழட்டிப் போட்டும் பாத்தம். ஒண்டும் மாறேல்லை.

கடைக்குப் போன் அடிச்சன். “குழலுக்குள்ளை செம்பு பிடிச்சிருக்கும், கழுவு.” கழுவினன், செம்பு கரைஞ்சு துணியிலை நீலம் வாறது நிக்கும்வரைக்கும் கழுவினன். திருப்பி அடிச்சன். “ரவை சரியில்லை, போட்டிக்குச் சுடுற, விலை கூடின மச் ரவை வாங்கு.” அதையும் எங்களிட்டையே வாங்கு எண்டான் பாருங்கோ. வாங்கினன். அதே நாலு அங்குலம். ரவைக்குப் போன காசை நான் 2,712க்குள்ளை சேக்கவே இல்லை.

பிறகு றேஞ்சிலை கண்ட அந்த வயசுபோன மனுசன்தான் தன்ர குழல் கமராவைக் கொண்டுவந்து போனிலை கொழுவி உள்ளை விட்டார். வாய்ப்பக்கம் நல்ல மினுக்கம், நடுவும் பரவாயில்லை. ரவை இருக்கிற அறை முடிஞ்சு, குண்டைச் சுழட்டிற சுருள் வரி தொடங்கிற இடத்துக்கு வர, வறண்டு வெடிச்ச குளத்துத் தரை மாதிரி முழுக்க வெடிப்பு. வரியின்ர விளிம்பு அந்த இடத்திலை இல்லவே இல்லை, உருகிப் போய்க் கிடக்கு. அந்த இடத்தைத் தொண்டை எண்டு சொல்லுவினம், அது எரிஞ்சு போச்சு எண்டார். ஒவ்வொரு வெடிக்கும் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தினை இறாத்தல்) வரைக்கும் அமுக்கத்தோடை நெருப்பு வாயு இந்த 6.5 மில்லிமீற்றர் ஓட்டைக்குள்ளாலை போகுது. முதல்லை சாகிறது அந்த இடம்தான். பின்பக்கத்தாலை ரோச் அடிச்சுப் பாத்தால் இது தெரியாது. கண்ணுக்கு மினுக்கம் மட்டும்தான் தெரியும். அதைத்தான் கடைக்காரன் எனக்குக் காட்டினவன்.

அளவு கோலும் வைச்சுப் பாத்தார். 140 கிறெயின் குண்டைக் கோதுக்கு வெளியாலை நீட்டி வைச்சால்தான் வரியிலை முட்டும், அந்த நீளத்துக்கு ரவை மகசீனுக்குள்ளையே போகாது. 6.5 கிறீட்மோர் குழல் ஒண்டு ரெண்டாயிரத்திலையிருந்து மூவாயிரம் ரவை வரைக்கும் நல்லாச் சுடும். இது அந்தக் கணக்கை முடிச்ச குழல். டொக்டராம், பெட்டிக்குள்ளை கிடந்ததாம்!

உண்மையிலை என்னை எரிச்சது அடுத்ததுதான். வீட்டை வந்து துடைக்கேக்கை அந்தக் கன்னப் பட்டியைக் கழட்டினன். கறுப்புக் கட்டையிலை வெள்ளி நிறப் பேனையாலை, வரிசையா, சின்ன எழுத்திலை: 350, 800, 1,300, 1,900, 2,400. முதல் நாலும் வெட்டியிருக்கு, கடைசி வெட்டேல்லை. போட்டிக்குப் போற ஆக்கள் இப்பிடித்தான் எத்தினை ரவை போனதெண்டு குறிச்சு வைக்கிறவையாம். வைச்சிருந்த மனுசன் ஒழுங்கான ஆள், கணக்கெழுதி வைச்சிருக்கிறான். சிட்டையிலை இருந்த 300 அவன்ர கணக்கிலை எங்கையும் இல்லை.

படம் எடுத்து அனுப்பினன். மூண்டு நாள் பதிலில்லை. பிறகு ஒரு வரி: “அது என்ன இலக்கம் எண்டு எங்களுக்குத் தெரியாது.” விலாசம் தாங்கோ, முந்தி வைச்சிருந்தவரிட்டை நானே கேக்கிறன் எண்டன். தனியுரிமையாம். ரெண்டாம் கடிதத்துக்கு, “நினைவில்லை” எண்டு பதில். என்னெண்டு நினைவில்லாமல் போகும்? 2022 மே மாதத்திலையிருந்து, இப்பிடிச் சாதாரண ரைபிள் வந்தாலும் போனாலும் கடைக்காரர் பதிவெழுதி 20 வருசம் வைச்சிருக்கவேணும் எண்டு சட்டம். எனக்கு விக்கேக்கை என்ர லைசென்ஸ் இலக்கத்தைக் குடுத்து அனுமதி எடுத்து எல்லாம் எழுதினவன்தானே. நேர போய்க் கேட்டன். “சிட்டையை எழுதினது நாங்களில்லை, கொண்டுவந்து தந்தவர்.” நானே கேட்டு எழுதினது எண்டு தட்டிக் காட்டின அதே விரலாலை ரசீதின்ர அடியைக் காட்டினான்: பழைய சாமான் திருப்பி எடுக்கப்படாது. அதுக்குப் பிறகுதான் மேலை சொன்ன அந்தச் சுடத்தெரியாத கதை. சுத்தி நிண்ட ரெண்டு பேர் சிரிச்சவை.

பொலிஸிலை கேட்டன், துவக்கு உன்ர கையிலை இருக்கு, பேசினது மாறிப்போச்சு, இது சிவில் விசயம் எண்டு அனுப்பிப்போட்டினம். வங்கி கையை விரிச்சிட்டுது. குழலை மாத்திறதெண்டால் ஆயிரம் டொலருக்குக் குறையாது எண்டு துவக்குத் திருத்திற ஆள் சொல்றான். அதை ஏன் நான் குடுக்கவேணும்? 2,712 டொலர் ஏற்கனவே குடுத்தாச்சு.

சில பேர் ‘குழல்தானே, வேட்டைக்குப் போதும்’ எண்டு சொல்லுவினம், ஏற்கனவே ஒருத்தர் சொன்னவர். மானின்ர நெஞ்சு எட்டுப் பத்து அங்குலம். நூறு யாரிலை நாலு அங்குலம் விரியிற துவக்கு முந்நூறு யாரிலை ஒரு அடி விரியும். வயித்திலை பட்டு, ரத்தம் ஒழுக ஒழுக அது பத்தைக்குள்ளை ஓடிப் போய்ச் சாகவோ? அந்தப் பாவத்தையும் சேத்துத்தான் கடைக்காரன் வித்தவன்.

ஒன்ராறியோ நுகர்வோர் சட்டத்திலை, பொய்யான விபரம் சொல்லி வித்தால் ஒரு வருசத்துக்குள்ளை எழுத்திலை அறிவிச்சு ஒப்பந்தத்தை முறிக்கலாம். ‘திருப்பி எடுக்கப்படாது’ எண்டு ரசீதிலை அடிச்சால் பொய் உண்மையாகாது. பதிவுத் தபாலிலை கடிதம் போட்டாச்சு. இனிச் சின்ன வழக்கு நீதிமன்றம். அதாலைதான் பேரைப் போடேல்லை.

பாக்கவேண்டியது எல்லாம் விபரமா எழுதுறன் எண்டனான், இப்ப அதுக்குப் பொறுமையில்லை. குழல் கமரா இல்லாமல் பழைய ரைபிளிலை கை வைக்காதேங்கோ. ஐம்பது நூறு டொலருக்கே கிடைக்குது, கடைக்காரன் உள்ளை விட விடமாட்டன் எண்டால் அப்பிடியே திரும்பி வாங்கோ. கன்னப் பட்டி, ஸ்ரிக்கர், ரேப் எல்லாத்தையும் கழட்டிப் பாருங்கோ. எத்தினை ரவை எண்டதை ரசீதிலை எழுதி ஒப்பம் வாங்குங்கோ, சிட்டையையும் எறியாதேங்கோ. டெபிட் வேண்டாம், மூண்டு வீதம் போனாலும் பரவாயில்லை.

நேற்று அவங்கட தளத்திலை பாத்தன், இன்னொரு போல்ட் ரைபிள் போட்டிருக்கிறாங்கள், 6.5 கிறீட்மோர்தான், ‘குறைஞ்ச ரவை’யாம். வடக்காலை போய் வாங்க யோசிக்கிற ஆக்கள் உள்பெட்டியிலை கேளுங்கோ, கடை எதெண்டு சொல்றன். அதே கடையிலை ஏமாந்த ஆக்கள் இருந்தாலும் எழுதுங்கோ. ரசீது, சிட்டை இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கோ, வழக்குக்கு உதவும்.