காரில் வைத்தே டிஸ்க் ஸ்கிம்மிங்: கரகர சத்தத்துக்கு எப்போது தகும், எப்போது வீண்

பிரேக்கில் சத்தம் என்று கோலாலம்பூர் பட்டறைகளுக்குப் போனால், ஸ்கிம்மிங் செய்துவிடலாம் என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் மாட்டும் ஹப்பின் மேலேயே சிறு கடைசல் இயந்திரத்தைப் பூட்டி, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கின் இரு முகங்களையும் ஒரே நேரத்தில் சீவுகிற வேலை அது. நல்ல சேவைதான். ஆனால் தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்காத ஃபோர்மேனிடம் இதைச் செய்யக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதலில், சத்தம் டிஸ்க்கிலிருந்துதான் வருகிறதா என்று தெரிய வேண்டும். இரவு மழையில் நின்ற வண்டி காலையில் நான்கைந்து பிரேக்குக்குக் கரகரத்து அடங்கினால், அது வார்ப்பிரும்பில் படிந்த மெல்லிய துரு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடே அதைத் துடைத்துவிடும், ஒரு காசும் செலவில்லை. பிரேக்கைத் தொடாதபோதும் உரசல் கேட்டால், டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகடு வளைந்திருக்கலாம், இடையில் கல் சிக்கியிருக்கலாம். வேகத்தோடு ஏறி, வளைவில் மாறுகிற உறுமல் பெரும்பாலும் வீல் பேரிங். கீச்சென்ற சத்தம் என்றால் பேடிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டிருக்கலாம், அப்படியானால் ஏறத்தாழ 2 மி.மீ. பேட்தான் மிச்சம். பெடலை மிதித்ததும் இரும்பை இரும்பு அரைக்கிறதா? பேட் முழுவதும் தீர்ந்து அதன் எஃகு முதுகு டிஸ்க்கை உழுகிறது. அந்த நிலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைக்குப் போவது ஆபத்து. வண்டியை நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி அளவு. பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 28 மி.மீ., குறைந்தபட்சம் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த டிஸ்க்கின் ஆயுள் முழுவதற்கும் இருப்பது 2 மி.மீ. மட்டுமே. அளக்கும்போது 27.1 வருகிறது, கீறல் பக்கத்துக்கு 0.2 மி.மீ. ஆழம் என்றால், சீவிய பின் 26.7 நிற்கும். செய்யலாம். 26.8 வருகிறது, கீறலோ பக்கத்துக்கு 0.5 என்றால், சீவியதும் 25.8. அதைச் சீவுகிறவர் உங்கள் காசை மட்டும் வீணாக்கவில்லை, வெப்பத்தைத் தாங்கும் இரும்பையும் எடுத்துவிடுகிறார். அங்கே புது டிஸ்க்தான் வழி. பேட் தீர்ந்து சில நாள் ஓடிய வண்டிகளில் முடிவு பெரும்பாலும் இதுதான்.

சாதாரண வெர்னியர் காலிப்பரால் அளந்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பின் மேல் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் ஆறு முதல் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

சரி, பேட் ஏன் அவ்வளவு தேய்ந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காத பட்டறைக்கு எங்களிடம் மதிப்பெண் இல்லை. உள்பேடும் வெளிப்பேடும் சமமாகத் தேயாவிட்டால், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிரேக் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்களோ, அதற்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனோ இறுகியிருக்கிறது என்று பொருள். பின்களைக் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உறை ஊதிப்போய், சில மாதங்களில் பின் மறுபடி இறுகும். இதை விட்டுவிட்டு எவ்வளவு அழகாகச் சீவினாலும் சத்தம் திரும்பி வரும்.

காரில் வைத்துச் சீவுவதன் உண்மையான பலம், ஹப்பின் சிறு கோணலையும் சேர்த்து நேராக்குவது. மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறும் வண்டிக்கு அதனால்தான் இதைப் பரிந்துரைக்கிறோம். டிஸ்க்கைக் கழற்றிக் கடைசலில் போட்டாலும் குறையில்லை, ஆனால் ஹப் முகத்தின் துருவைச் சுரண்டாமல் திரும்ப மாட்டினால் உதறல் அப்படியே இருக்கும்.

குறையும் உண்டு. பறக்கும் இரும்புத் துகள் சக்கர வேக சென்சாரில் ஒட்டிக்கொண்டால், சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு எரியலாம். சீவும்போது மூடி, பிறகு துடைக்கச் சொல்லுங்கள். புரோட்டோன் எக்ஸ் 70 போல மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளில், பின்பேடு மாற்றுமுன் ஸ்கேனர் கொண்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கிளாம்பால் பிஸ்டனை நெட்டித் தள்ளினால் அந்தப் பிரேக்கின் மோட்டார் பழுதாகலாம், அந்தச் செலவுக்கு முன்னால் ஸ்கிம்மிங் கூலி ஒன்றுமேயில்லை. பெரோடுவா அரூஸுக்குப் பின்னால் டிஸ்க் இல்லை, டிரம் பிரேக். அதற்கு இந்த இயந்திரம் உதவாது.

முன் இரண்டு அல்லது பின் இரண்டு என்று ஜோடியாகத்தான் சீவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். கடைசிச் சீவல் மெதுவாக, மெல்லியதாக இருக்கட்டும். அதன் பிறகு உப்புத்தாளால் முகத்தைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டு பேட் மாட்டுங்கள். பழைய பேடைத் திரும்பப் போடும் கடைக்காரரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளம் விழுந்த பேட், சமமான டிஸ்க்கில் மேடுகளில் மட்டுமே பிடிக்கும். நகர நெரிசலில் ஊர்ந்துபோகும் குடும்ப வண்டிக்கு செராமிக் பேட் போதும்: தூசி குறைவு, சத்தம் குறைவு. ஏழு பேரோடு மலையேறுகிற வண்டிக்கு, உலோகம் கலந்த செமி மெட்டாலிக் பேடே எங்கள் தேர்வு.

சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் விட்டுவிடாமல், டார்க் ரெஞ்சில் நட்சத்திர வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள். ஏற்றத்தாழ்வாக இறுகினால் சீவிய டிஸ்க்கும் கோணலாகலாம். வண்டி நகருமுன் பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். பின்னர் புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும்படி, காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, எட்டு பத்து முறை மிதமாக மிதித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓடவிடுங்கள். முழுவதும் நின்று பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டாம், சூடான பேட் அதே இடத்தில் பதிந்து மறுபடி உதறலாகும்.