பணம் கட்டினோம், டிக்கெட் எடுக்கப்படவே இல்லை

கோடை விடுமுறைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். சீக்கிரம் பதிவு செய்தால் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டும் நாளுக்கும் புறப்படும் நாளுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியை நம்பித்தான் எங்களை ஏமாற்றிய பயண முகவர் பிழைப்பு நடத்துகிறார்.

விமானம், விடுதி இரண்டும் சேர்ந்த சுற்றுலா அது. முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள்; அனுப்பினோம். அன்றே மின்னஞ்சலில் பயணத் திட்டம் வந்தது. விமான நிறுவனத்தின் சின்னம், எங்கள் எல்லோருடைய பெயர், புறப்படும் நேரம், ஆறு எழுத்து பி.என்.ஆர். என எதிலும் குறையில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டதும் எங்கள் பெயர்களே வந்தன. டிக்கெட் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் ‘பின்னர் வழங்கப்படும்’ என்று இருந்தது. கேட்டதற்கு, “அது பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வரும், மேடம்” என்றார் முகவர்.

சுத்தப் பொய். பி.என்.ஆர். என்பது இடம் பிடித்து வைத்திருப்பதற்கான குறியீடு, அவ்வளவுதான். விமான நிறுவனத்துக்குப் பணம் செலுத்தாமலே முகவர்களால் இடம் பிடித்து வைக்க முடியும். நிறுவனம் அதற்கு ஒரு கெடு வைக்கும். அதற்குள் டிக்கெட் எடுக்காவிட்டால் பதிவு தானாகவே ரத்தாகிவிடும். டிக்கெட் எடுத்ததற்கு அடையாளம் 13 இலக்க இ-டிக்கெட் எண். அதன் முதல் 3 இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். பயணம் எத்தனை மாதம் கழித்து இருந்தாலும், டிக்கெட் எடுத்தவுடன் அந்த எண் வந்துவிடும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் இப்படி எண் தரும் வழக்கம் இல்லை; அங்கே தொகை செலுத்தப்பட்டுப் பதிவு உறுதியாகிவிட்டதா என்று நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்ல விமான நிறுவனத்தை அழைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. “டிக்கெட் எடுக்காததால் இந்தப் பதிவு எப்போதோ ரத்தாகிவிட்டது” என்றார் மறுமுனையில் பேசிய பெண். விடுதியை அழைத்தால், அங்கேயும் எங்கள் பெயரில் அறை இல்லை. முகவருக்குத் துளியும் கூச்சமில்லை. கட்டணம் ஏறிவிட்டதாம், வித்தியாசத்தைக் கட்டினால் இப்போதே எடுத்துத் தருவாராம்! விலை இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கள் பணத்தை வைத்துச் சூதாடியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அடுத்த ஆண்டுப் பயணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். விடுமுறை எப்போது வரும் என்று நாள்காட்டியில் கட்டம் கட்டிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அவருக்கு என்ன கவலை?

அந்த ‘நேரடித் தள்ளுபடி’ எதற்கு என்று இப்போது புரிகிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கோரலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, பணம் வந்தே தீரும் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் முறையிட ஓர் இடம் இருக்கும். நாமே கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அந்த வழி கிடையாது.

மோசடி இல்லாமலும் முன்பணம் முழுகலாம். 1841-இல் தொடங்கிய பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனமே 2019 செப்டம்பர் 23 அன்று திவாலானது. அன்று சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகள் வெளிநாடுகளில் இருந்தார்கள். அங்கே ‘அட்டோல்’ என்ற பாதுகாப்புத் திட்டம் இருந்ததால், அதன் கீழ் வரும் சுற்றுலாவுக்கு முன்கூட்டிக் கட்டியிருந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. உங்கள் முகவர் நொடித்துப்போனால் யார் பொறுப்பு என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். முகவரோ அடுத்த கோடைக்கான சலுகையை இப்போதே விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். ஏற்கெனவே யாரிடமாவது பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், இன்றே விமான நிறுவனத்தையும் விடுதியையும் அழைத்துக் கேட்டுவிடுங்கள். முகவர் கொடுத்த தொலைபேசி எண்ணில் வேண்டாம். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் பேசுங்கள்.