கோட்டில் தொடங்கும் தேடல்: இரட்டைக் கோடா, -ஈ சுவிட்சா?

குறிப்புகள் கோப்பில் '-வி' எங்கே வருகிறது என்று கிரெப் (கோப்புகளில் சொல் தேடும் கமாண்ட்) வைத்துத் தேடுகிறீர்கள். (எழுத்துகளைத் தமிழ் ஒலியில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்; பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்தில் சின்ன எழுத்து.) பதிலும் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை, கர்சர் சும்மா நிற்கிறது. கிரெப் '-வி'யை 'பொருந்தாத வரிகளைக் காட்டு' என்ற ஆப்ஷனாக எடுத்துக்கொண்டது. கோப்பின் பெயரைத்தான் பேட்டர்ன் (தேட வேண்டிய சொல் அல்லது வடிவம்) என்று நினைத்து, நீங்கள் ஏதாவது தட்டுவீர்கள் என்று காத்திருக்கிறது.

மேற்கோள் குறி போட்டாலும் பயனில்லை. நீங்கள் தட்டும் கமாண்டைப் படிக்கும் ஷெல் அதை உரித்துவிட்டுத்தான் கிரெப்பிடம் கொடுக்கும்.

கோட்டுக்கு முன்னால் பின்சாய்வு போடுவது பலரின் பழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேவையில்லாத பின்சாய்வுக்கு என்ன பொருள் என்று பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகைக் கருவிகளுக்கான பொதுத் தரம்) வரையறுக்கவில்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ கிரெப்பின் 2022-ல் வந்த 3.8 பதிப்பு அப்படிப்பட்டவற்றுக்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. கோட்டைச் சதுர அடைப்புக்குள் வைப்பது இதைவிடப் பரவாயில்லை. ஆனால் பெரிய எழுத்து -எஃப் போட்டு எழுத்துக்கு எழுத்து தேடும்போது இரண்டுமே உதவாது, அந்தக் குறிகளையும் சேர்த்தே தேடும்.

சரி, உண்மையான போட்டி இரண்டுக்குத்தான். 'ஆப்ஷன்கள் முடிந்தன' என்று சொல்லும் இரட்டைக் கோடு பாசிக்ஸ் வழிகாட்டுதலில் 10-வது விதி. கிரெப்புக்கு மட்டுமல்ல, கோப்பை அழிக்கும் ஆர்எம், நகர்த்தும் எம்வி போன்றவற்றுக்கும் அதுவே. ஒருமுறை கற்றால் போதும் என்பதால் கையால் தட்டும்போது நான் இதைத்தான் போடுகிறேன். -ஈ வேறு மாதிரி: 'அடுத்து வருவது பேட்டர்ன்தான்' என்று உறுதியாகச் சொல்கிறது. 1979-ன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் கையேட்டிலேயே, கோட்டில் தொடங்கும் பேட்டர்னுக்காக என்று சொல்லி இது இருக்கிறது. பல பேட்டர்ன்களைத் தேடவும் இதையே திரும்பத் திரும்பப் போடலாம்.

ஸ்கிரிப்ட் என்று வந்தால் என் ஓட்டு -ஈ பக்கம். கிட் (நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கருவி) தரும் தேடல் கமாண்டான கிட் கிரெப்பின் ஆவணமும் பயனர் தரும் சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட்களில் இதையே பயன்படுத்தச் சொல்கிறது. இது வெறும் வசதிக்காக அல்ல. கிட் கிரெப்பில் கோப்புகளை நாம் சொல்லும் பேஜரில் (பக்கம் பக்கமாகக் காட்டும் நிரலில்) திறக்கும் ஆப்ஷன் உண்டு. கிரெப் போன்ற இன்னொரு கருவியான ரிப்கிரெப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் முன் வேறு கமாண்டை ஓட்டும் '--ப்ரீ' உண்டு. தேடல் பெட்டியில் யாரோ தட்டியதை அப்படியே அனுப்பினால், தேடுசொல் என்று வந்தது உங்கள் சர்வரில் ஒரு நிரலை ஓட்டிவிடலாம்.

ஆனால் -ஈ பேட்டர்னை மட்டுமே காக்கும். க்னூ கருவிகள் கோப்புப் பெயர்களுக்குப் பின்னால் வரும் ஆப்ஷன்களையும் ஏற்கும். நட்சத்திரக் குறி போட்டுத் தேடும் அடைவில் '-வி' என்றே ஒரு கோப்பு இருந்தால், முடிவு தலைகீழாகும். அதனால் ஸ்கிரிப்ட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: முதலில் -ஈ, பேட்டர்ன், அப்புறம் இரட்டைக் கோடு, கடைசியில் கோப்புகள்.

தெரியாத ஆப்ஷன் வந்தால் கருவியே அதைப் பேட்டர்னாக எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். '-ஐஎன்' என்பது தேடுசொல்லா, -ஐ, -என் என்ற இரண்டு ஆப்ஷன்களா? இன்று தேடுசொல்லாக வேலை செய்வது, அடுத்த பதிப்பில் அதே பெயரில் ஆப்ஷன் வந்தால் சத்தமில்லாமல் உடையும். பிழை காட்டி நிற்கட்டும். அந்தச் செய்தியிலேயே '-ஈ போட்டுப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் புதியவர்களுக்குப் பெரிய உதவி.

ஒரே ஓர் எச்சரிக்கை: -ஈ எல்லா இடத்திலும் இதே பொருளில் வராது. பெயரைச் சொல்லி ப்ராசஸை (ஓடும் நிரலை) நிறுத்தும் லினக்ஸின் பிகில்லில் அது, நிறுத்திய ப்ராசஸின் பெயரைக் காட்டும் ஆப்ஷன். '-எக்ஸ்எம்எக்ஸ்' (முதல் எக்ஸ் பெரிய எழுத்து) போட்டு ஓடும் ஜாவா ப்ராசஸை, ப்ராசஸ்களைத் தேடும் பிகிரெப்பில் தேட, முழுக் கமாண்டையும் பார்க்கும் சின்ன எழுத்து -எஃப் கொடுத்து, அதன் பின் இரட்டைக் கோடு போடுங்கள்.