ஃபால்கன் 56: கிழடுதான், ஆனால் பறக்கும்

ரேடியோ ரிமோட்டில் பறக்கவிடும் குட்டி விமானம் இது. விற்றவர் "ஏதோ பழைய டிரெய்னர்" (ஓட்டப் பழகுவதற்கான விமானம்) என்றுதான் கொடுத்தார். பெட்டி இல்லை, வரைபடமும் இல்லை. இறக்கையை அளந்தால் முனைக்கு முனை 56 அங்குலம். குட்டி விமான வடிவமைப்பாளர் கார்ல் கோல்ட்பர்க் வடிவமைத்த ஃபால்கன் 56-க்குப் பெயரிலேயே அந்த அளவு உண்டு. ஆனால் அவருடைய ஸ்கைலார்க் 56-க்கும் அதே அளவுதான். அதில் இறக்கை உடலுக்கு அடியில் வரும். இதில் மேலே, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது. சரி, ஃபால்கன்தான்.

மூக்குப் பக்கத்துப் பால்சா (எடை குறைந்த மரம்) கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. இன்ஜின் எரிபொருளான மெத்தனாலோடு கலக்கும் ஆமணக்கெண்ணெய் வருடக்கணக்கில் ஊறியதன் விளைவு. எண்ணெய் குடித்த கட்டையில் பசை பிடிக்காது. இன்ஜின் உட்காரும் பலகையைக் கையால் அசைத்துப் பார்க்காமல் முடுக்கவே முடுக்காதீர்கள். ரேடியோவுக்கான பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை நம்ப வேண்டாம். அதன் கறுப்பு வயர் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருக்கும். நான் இக்கால 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவரும், சுக்கான்களை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்களும் புதிதாகப் போட்டுக்கொண்டேன். பழமை விரும்பிகள் திட்டட்டும்.

பறக்கவிட்டால் சொகுசுதான். த்ராட்டிலைக் குறைத்தாலும் பதறாமல் மிதந்து இறங்குகிறது. லூப் (செங்குத்தாக ஒரு வட்டம்) தாராளமாகப் போடலாம். இறங்கும்போது இறக்கை எதிலாவது இடித்தால் உடையாமல் நகர்ந்து கொடுப்பது ரப்பர் பேண்டின் புண்ணியம். காற்று அதிகமுள்ள நாளில் மட்டும் கொஞ்சம் அலைபாயும்.

வாங்குகிறவர்கள் மூக்கை முகர்ந்து, தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வெளிப் பெயின்ட் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.