அப்பா நம்பருக்குத்தான் ஓடிபி வரும்

இந்த நவம்பரில் பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சி போயிருந்தேன். விமான நிலையத்தைப் பற்றி ஒரே வரி: 2024 ஜூனில் புது முனையம் வந்த பிறகு பழைய தள்ளுமுள்ளு இல்லை, பெட்டி சீக்கிரம் வந்தது, ஆட்டோக்காரர்கள் கேட்கிற காசு மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, பொன்மலைப்பட்டியில் அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். பாக்கி வேலைகளையெல்லாம் இரண்டு நாளில் முடித்துவிட்டு மிச்ச நாட்களில் அவளோடு உட்கார்ந்து பேசலாம் என்று ஒரு பட்டியலோடு போனேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே சோபாவில் உட்கார்ந்தபடி மின் கட்டணம் கட்டினேன், கேஸ் பதிவு செய்தேன், கேபிளுக்கும் பணம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டா இந்த வாரம் நான் எங்கடி போறது?" என்றாள். அப்புறம்தான் கவனித்தேன், ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று கணக்கு வைத்திருக்கிறாள். திங்கள் வங்கி, புதன் ஆஸ்பத்திரி, வெள்ளி ரேஷன் கடை. மின் கட்டணத்துக்கும் ஒரு நாள் இருந்திருக்கிறது, அதைத்தான் நான் காலி செய்துவிட்டேன்.

திங்கள் வங்கிக்குப் போனோம். பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தில் "பழுது" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது, தாளே பழுப்பேறிக் கிடந்தது. குறுஞ்செய்தியில் இருப்புத் தொகை வருகிறதே என்றால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள், புத்தகத்தில் ஏறினால்தான் அது பணம். அது அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு. அதனால் குடும்ப ஓய்வூதியம் அதே கணக்குக்கு மாறுவதில் சிக்கல் வரவில்லை. கடைசிச் சம்பளத்தில் பாதியாக வந்தது முப்பது சதவீதமாகக் குறைந்தது, அவ்வளவுதான். கணக்கில் இருக்கும் கைபேசி எண்ணை மாற்ற வேண்டும் என்று நான் விண்ணப்பத்தை நீட்ட, கவுன்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஜாயின்ட் அக்கவுன்ட்மா, சாரும் வந்து கையெழுத்து போடணும்" என்றான். இறப்புச் சான்றிதழ் கொடுத்து இரண்டு வருடமாகிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா நிதானமாக, "நானும் வரச் சொல்லி ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி, வர மாட்டேங்கிறாரு" என்றாள். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான், பாவம். ஆனால் எண் மாறவில்லை. மேலாளர் விடுப்பாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

இந்த எண் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற பலர் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். வங்கி, கேஸ், மின் வாரியம், அம்மாவின் ஆதார் எல்லாவற்றிலும் இருப்பது அப்பாவின் எண். அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பட்டன் போன் உண்டு, ஆனால் ஓடிபி வருவது அப்பாவின் போனுக்கு. அது சாமி அலமாரியில் விபூதி டப்பா பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது, முனைக்கடையில் மறக்காமல் ரீசார்ஜ் செய்துவிடுகிறாள். மூன்று மாதம் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் அந்த எண்ணை முடக்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அப்புறம் நம் வீட்டு ஓடிபி எவனோ ஒருவனுக்குப் போகும். உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் முதலில் ஆதாரில் எண்ணை மாற்றுங்கள். அதை வீட்டிலிருந்தே செய்வதை நம்பி உட்காராமல் மையத்துக்கே அழைத்துப் போய்விட்டேன், கட்டணம் 75 ரூபாய். காலை ஒன்பதரைக்கு டோக்கன் வாங்கி ஒரு மணிக்கு வெளியே வந்தோம்.

இந்தப் பயணத்தில் மனசுக்கு நிறைவாக நடந்தது உயிர்ச் சான்றிதழ் விஷயம். ரயில்வே, மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக நவம்பர்தோறும் காட்ட வேண்டும், எண்பது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். 2014-இல் இதை ஆதாரோடு சேர்த்து டிஜிட்டல் ஆக்கினார்கள், 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்தது. செலவில்லாமல் நாமே செய்யலாம் என்று என் போனில் செயலியை இறக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் நாலு தடவை முயன்றேன். அது கண்ணைச் சிமிட்டச் சொல்லும், அம்மா அதற்கு முன்பே சிமிட்டிவிடுவாள். விட்டுவிட்டேன். செவ்வாய் காலை தபால்காரர் வந்தார், தபால் துறை வங்கி மூலம் வீட்டுக்கே வந்து செய்து தருகிறார்கள், 70 ரூபாய். முதலில் ரேகைக் கருவியை நீட்டினார். பத்து விரலும் வைத்தாயிற்று, ஒன்றும் விழவில்லை. "பாத்திரம் தேய்ச்ச கைம்மா, ரேகையே இருக்காது" என்று சொல்லி, நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஒரு கையால் போனைத் தூக்கிப் பிடித்து, "இப்ப மூடுங்க, திறங்க" என்றார். முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கேன்னு எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். எதிர் வீட்டிலும் ஒரு அம்மாவுக்கு இதே வேலை இருந்தது, அவருக்கு அங்கேயும் காபி இருந்திருக்கும்.

புதன்கிழமை ரயில்வே ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும்போது ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. திருச்சியில் டவுன் பஸ்ஸில் தனியார் வண்டிகளும் நிறைய, பாட்டு போட்டுக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக வரும். அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டு அரசுப் பேருந்துக்காக இருபத்தைந்து நிமிடம் நின்றாள். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சிங்கப்பூரில் சம்பாதிக்கிற எனக்கும் சேர்த்து நடத்துநர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அந்த இருபத்தைந்து நிமிடத்தில் மூன்று பேரிடம் பேச முடிந்தது. அதில் ஒருவர் பூக்காரம்மா. அப்பா போன புதிதில் எங்கள் வாசலைத் தாண்டும்போது குரல் கொடுக்காமலே போய்க்கொண்டிருந்தவர், அம்மாதான் ஒரு நாள் கூப்பிட்டு, "படத்துக்குப் பூ வேண்டாமா?" என்று கேட்டாளாம். இப்போது தினமும் ஒரு முழம். முன்பு இரண்டு முழம்.

கேஸ் இணைப்பைப் பெயர் மாற்றுவதுதான் முடியவில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போனேன், முத்திரைத்தாளில் என் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதை வாங்கி எழுதி எடுத்துப் போன அன்று, இதைக் கவனிக்கும் ஊழியர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள், மதியம் போனால் பூட்டியிருந்தது. ஏஜென்சி பெயரைச் சொல்லவில்லை, எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும்.

நான் கிளம்பிய அன்று காலை சிலிண்டர் வந்தது. தூக்கி வந்தவர் வாசலில் நின்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இருங்க தம்பி" என்று அம்மா அலமாரியிலிருந்து போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள். ரசீதில் அப்பா பெயர். கீழே அம்மா கையெழுத்து. ஏப்ரலில் மறுபடி வருகிறேன், சம்மதக் கடிதம் பீரோவில் இருக்கிறது.